'எக்ஸ்ட்ராஆர்டினரி மெஷர்ஸ்' உண்மைக் கதைதானே, ஏன் மனதில் ஒட்டவில்லை?

கேள்வி இதுதான்: ஹாரிசன் ஃபோர்டும் பிரெண்டன் ஃப்ரேசரும் நடித்து 2010-இல் வந்த 'எக்ஸ்ட்ராஆர்டினரி மெஷர்ஸ்' பார்த்தேன், தன் பிள்ளைகளின் நோய்க்கு மருந்து தேடி அலையும் ஒரு அப்பாவின் உண்மைக் கதை என்கிறார்கள், அழ வேண்டிய கதை, எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லை, தப்பு என் மேலா படத்தின் மேலா? அப்புறம், அந்த மருந்து உண்மையிலேயே நோயைக் குணப்படுத்தியதா?

தப்பு படத்தின் மேல்தான். ஆனால் அது பலரும் சொல்கிற தப்பு அல்ல. டிவி படம் மாதிரி எடுத்திருக்கிறார்கள், வசனம் சரியில்லை, ஃபோர்டு எல்லாக் காட்சியிலும் கத்துகிறார் என்றெல்லாம் அப்போது விமர்சனம் வந்தது, வசூலும் ஆன செலவில் பாதியைத்தான் தொட்டது. எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. மருந்துக்காக ஓடுகிற மனிதர்களை இரண்டு மணி நேரம் காட்டுகிற இந்தப் படம், அவர்கள் எந்த நோய்க்காக ஓடுகிறார்களோ அந்த நோயையும், அந்த மருந்து எப்படி உருவாகிறது என்பதையும் ஏறெடுத்தே பார்க்கவில்லை. நான் பல வருடம் ஒரு மருந்துக் கம்பெனியில் புரதம் பிரித்தெடுக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். இந்த நோய்க்கான மருந்தில் வேலை செய்ததில்லை, ஆனால் அதே வகை மருந்துகளைத் தயாரித்திருக்கிறேன். அதனால் இந்தப் படம் கோட்டை விட்டது எவ்வளவு பெரிய கதை என்று நினைக்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

முதலில் நோய். பெயர் பாம்பே நோய். யோஹானஸ் பாம்பே என்ற டச்சு மருத்துவர் 1932-இல், ஏழு மாதத்தில் இறந்துபோன ஒரு பெண் குழந்தையின் இதயம் அளவுக்கு மீறி வீங்கியிருந்ததையும், தசைகளில் சர்க்கரை மூட்டை மூட்டையாகச் சேர்ந்து கிடந்ததையும் எழுதி வைத்தார். (அவரை 1945 ஏப்ரலில், போர் முடிய சில வாரங்களே இருக்கும்போது, எதிர்ப்பு இயக்கத்தில் இருந்ததற்காக ஜெர்மானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். இவர் வாழ்க்கையே தனிப் படத்துக்குக் காணும்.) நம் உடம்பு சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைக்கிறது. அதில் ஒரு பகுதி செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற சிறு பைகளுக்குள் போகும், அங்கே ஒரு என்சைம் (புரதம்தான் அது) அதை உடைத்து வெளியே அனுப்பும். அந்த என்சைம் இல்லாமல் பிறக்கிற குழந்தைக்குப் பைகள் நிரம்பிக்கொண்டே போகும், வீங்கும், வெடிக்கும், சுற்றியிருக்கும் தசை நார்கள் நாசமாகும். கைக்குழந்தையாக இருக்கும்போதே தீவிரமாகத் தாக்கினால் இதயம்தான் முதல் இலக்கு. தலை நிற்காது, பால் குடிக்கவே மூச்சு வாங்கும், மருந்து இல்லாத காலத்தில் பெரும்பாலும் முதல் பிறந்த நாளைப் பார்க்காமலே முடிந்துவிடும்.

இதில் ஒரு வரியைக்கூடப் படம் நம்மை உணர வைக்காது. படத்தில் ஃப்ரேசர் நடித்த அந்த நிஜ அப்பா ஜான் கிரௌலி. அவர் மகளுக்கு நோய் தெரிந்தது 1998-இல், அப்போது அவளுக்கு 15 மாதம். கொஞ்ச நாளில் கைக்குழந்தையாக இருந்த தம்பிக்கும் அதே நோய் என்று தெரிந்தது. படத்தில் அவளுக்கு எட்டு வயது, சக்கர நாற்காலியில் வேகமாகப் போகிறாள், டக் டக்கென்று பதில் சொல்கிறாள். ஏன் அப்படி மாற்றினார்கள் என்று புரிகிறது, 15 மாதக் குழந்தையால் வசனம் பேச முடியாதே. ஆனால் அந்த மாற்றத்தில் கதையின் உயிரே போய்விட்டது. நேற்று வரை தவழ முயன்ற பிள்ளை இன்று தலையைத் தூக்கவில்லை, நாளைக்கு எது போகும் என்று தெரியாது, ஒவ்வொரு வாரமும் தசை கரைகிறது. அந்த அவசரம் தெரியாமல் அப்பா ஓடினால் நமக்கு என்ன? யாரோ ஒருவர் ஏர்போர்ட்டில் ஓடுகிற மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது ஃபோர்டு நடித்த டாக்டர் ஸ்டோன்ஹில். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், ஆய்வகத்தில் சத்தமாக ராக் பாட்டு வைப்பார், யாருடனும் ஒத்துப்போக மாட்டார், மேதை. அப்படி ஒருவர் கிடையவே கிடையாது. பல விஞ்ஞானிகளை அரைத்து ஒரே உருண்டையாக்கிய பாத்திரம் அது. நிஜத்தில் கிரௌலியோடு சேர்ந்து நோவாசைம் என்ற கம்பெனியை நடத்தியவர் ஓக்லஹோமாவின் வில்லியம் கேன்ஃபீல்ட். டியூக் பல்கலைக்கழகத்தில் வருடக்கணக்காக இந்த நோயோடு மல்லுக்கட்டியவர் தைவானைச் சேர்ந்த யுவான் சோங் சென். ஹாலந்தின் ராட்டர்டாமில் அர்னால்டு ரூசரும் ஆன்ஸ் வான் டெர் ப்ளூக்கும் மரபணு மாற்றிய முயல்களின் பாலில் இருந்து அந்த என்சைமை எடுத்தார்கள். முயல் பாலிலிருந்து மருந்து! எந்தத் திரைக்கதை எழுத்தாளருக்கும் கையில் கிடைத்த புதையல் அது.

சென் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. இந்த என்சைம் குறைபாடு இயற்கையாகவே இருக்கும் ஜப்பானியக் காடைகள் உண்டு, நம்மூரில் வறுவல் போடுகிறோமே அதே இனம்தான். மல்லாக்கப் போட்டால் அவற்றால் திரும்பி எழ முடியாது, இறக்கையை விரிக்க முடியாது. சென் குழு அந்தக் காடைகளுக்கு என்சைமை ஊசியில் ஏற்றிப் பார்த்தது. பறவைகள் தானாகப் புரண்டு எழுந்தன, சிறகடித்தன, ஒன்று ஒரு மீட்டருக்கும் மேலே பறந்தே விட்டது. 1998-இல் அது கட்டுரையாக வந்தது, அதே வருடம்தான் கிரௌலி குடும்பத்துக்கு நோயின் பெயரே தெரிய வருகிறது. 1999-இல் டியூக்கில் மூன்று கைக்குழந்தைகளுக்கு மருந்து ஏற்றினார்கள், வீங்கிய இதயங்கள் சுருங்க ஆரம்பித்தன. எழ முடியாமல் கிடந்த ஒரு காடை பறக்கிற காட்சியை யோசித்துப் பாருங்கள். அது படத்தில் இல்லை. அதற்குப் பதிலாக ஃபோர்டு ஒரு வெள்ளைப் பலகையில் கிறுக்கிக்கொண்டு எரிந்து விழுகிறார். சந்தைக்கு வந்த மருந்துக்கு அடித்தளம் போட்டவர்களில் முதலில் சொல்ல வேண்டிய ஆசிய விஞ்ஞானியை அழித்துவிட்டு ஒரு வெள்ளைக்கார நட்சத்திரத்தை வைத்தார்கள் என்று அமெரிக்காவில் இருக்கும் ஆசியர்கள் அப்போதே கேட்டார்கள். கேட்டது நியாயம்.

கேன்ஃபீல்டின் கதையும் ஒன்றும் சளைத்ததல்ல. இந்த என்சைமை ரத்தத்தில் ஏற்றினால் மட்டும் போதாது, அது தசைச் செல்லுக்குள் நுழைந்து அந்தச் சிறு பைக்குள் போய்ச் சேர வேண்டும். செல்லின் வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறான், அவன் மேனோஸ் 6 பாஸ்பேட் என்ற சர்க்கரைச் சீட்டு ஒட்டியிருக்கும் புரதத்தைத்தான் உள்ளே விடுவான். சாதாரணமாகத் தயாரிக்கும் என்சைமில் அந்தச் சீட்டு மிகக் குறைவு, அதனால் பெரும்பகுதி ஈரலுக்குப் போய்விடும், தசைக்குக் கிடைப்பது கொஞ்சம். அதனால்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்று கொட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது. கேன்ஃபீல்ட் சொன்னது எளிமையான விஷயம்: சீட்டை நாமே அதிகமாக ஒட்டி அனுப்புவோம். சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம்.

2001-இல் ஜென்சைம் என்ற பெரிய கம்பெனி நோவாசைமை வாங்கியது. (படத்தில் ஜென்சைமுக்கு ஜைமஜென் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.) அப்போது ஜென்சைமின் கையில் நான்கு விதமான என்சைம்கள் இருந்தன: தாங்களே தயாரித்தது, டியூக் வழியாக வந்தது, ஹாலந்துக்காரர்களுடையது, கேன்ஃபீல்டுடையது. நான்கையும் ஒரே சோதனையில் எலிகளில் போட்டுப் பார்த்தார்கள், எது எது என்று தெரியாதபடி. எல்லாச் சோதனைகளுக்கும் தாய் என்று உள்ளே பெயர் வைத்திருந்தார்கள். வென்றது கேன்ஃபீல்டின் என்சைம் அல்ல, ஜென்சைமின் சொந்த என்சைம். அதாவது எந்த மருந்துக்காகக் கிரௌலி வேலையை விட்டாரோ, கடன் வாங்கினாரோ, கம்பெனி நடத்தினாரோ, அந்த மருந்து தோற்றது. தன் பிள்ளைகளைக் காப்பாற்ற அவர் தன் அணியின் தோல்வியை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய நாடகம் என்ன வேண்டும்? மீட்டிங் அறைச் சண்டைகளில் அவ்வளவு நேரம் செலவிடுகிற படம், இந்த வலியின் பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்காரவில்லை.

அப்புறம் படத்தின் கடைசிப் பகுதி. மருந்து தயார், ஆனால் முதல் சோதனை கைக்குழந்தைகளுக்குத்தான் என்று முடிவாகிறது. இது வில்லத்தனம் மாதிரி படத்தில் தெரிகிறது, வில்லத்தனமே இல்லை. மருந்து இல்லாவிட்டால் கைக்குழந்தைகள் சில மாதங்களிலேயே இறந்துவிடுவார்கள், அதனால் மருந்து வேலை செய்கிறதா என்பது அவர்களிடம் சீக்கிரம், சந்தேகமே இல்லாமல் தெரிந்துவிடும். பிறகு 18 கைக்குழந்தைகளை வைத்து நடந்த சோதனையில் 18 பேரும் 18 மாத வயதைத் தாண்டினார்கள். முன்பு மருந்து இல்லாத காலத்தில் அதே மாதிரிக் குழந்தைகளில் 61 பேருக்கு ஒருவர்தான் அந்த வயதைத் தொட்டார். இப்படி ஒரு முடிவு கையில் இருந்தால் எந்த அரசாங்கமும் அனுமதியைத் தள்ளிப்போட முடியாது. ஆனால் ஒரு அப்பாவின் இடத்தில் இருந்து பார்த்தால், ஏற்கெனவே வென்டிலேட்டரில் இருக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அந்த அப்பாவே மருந்துக் கம்பெனியின் அதிகாரி. தன் பிள்ளைக்கு முதலில் கொடு என்று கேட்டால், வெளியே காத்திருக்கும் மற்ற பெற்றோரின் முகத்தில் எப்படி விழிப்பார்? கேட்காமல் இருந்தால் தன் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பார்? கதையின் மையம் இதுதான். படமோ அக்காவுக்கும் தம்பிக்கும் தனியாக ஒரு சோதனை, அதற்கு வசதியாக அப்பாவை வேலையை விட்டுத் தூக்கிவிடுவது என்று முடிச்சை அவிழ்த்துவிட்டு நிம்மதியாகப் போய்விடுகிறது.

மருந்து ஏறியதும் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பிப்பார்களே, உள்ளே சேர்ந்த சர்க்கரை கரைந்து உற்சாகம் வந்துவிட்டது என்று, அந்தக் காட்சியில்தான் எனக்கு மனசு விட்டுப்போனது. இந்த மருந்து அப்படி வேலை செய்வதில்லை. பல மணி நேரம் ட்ரிப் ஓடும், ஒவ்வாமை வந்துவிடுமோ என்று பக்கத்திலேயே ஆள் நிற்பார்கள். மாற்றம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வரும், முதலில் இதயத்தில் தெரியும், அதுவும் எக்கோ எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நிஜத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு முதல் டோஸ் ஏறியது 2003 ஜனவரியில். இதயங்கள் சுருங்கின, அதனால்தான் உயிர் பிழைத்தார்கள். சக்கர நாற்காலி போகவில்லை, மூச்சுக் கருவி போகவில்லை. இதுவே பெரிய வெற்றி, உண்மையான வெற்றி. அதைச் சிரிப்புக் காட்சியாக மாற்றினால் பார்ப்பவருக்கு மருந்து என்றால் மந்திரம் என்றுதான் தோன்றும்.

இதே மாதிரிக் கதையை ஒழுங்காக எடுக்க முடியாதா என்று கேட்டால், 1992-லேயே எடுத்துக் காட்டினார்கள். 'லொரென்சோஸ் ஆயில்', லொரென்சோ என்ற மகனின் நோய்க்கு ஒரு எண்ணெயைத் தேடிக் கண்டுபிடிக்கும் பெற்றோரின் உண்மைக் கதை. இயக்கிய ஜார்ஜ் மில்லர் மருத்துவம் படித்தவர். அதில் அப்பாவும் அம்மாவும் நூலகத்தில் உட்கார்ந்து படிப்பதையும், கொழுப்பு அமிலச் சங்கிலிகளைப் பேப்பர் கிளிப் கோத்து அப்பா புரிந்துகொள்வதையும் காட்டுவார்கள், நாமும் கூடவே உட்கார்ந்து புரிந்துகொள்வோம். பிள்ளையின் வலியையும் மறைக்க மாட்டார்கள், சில காட்சிகளைப் பார்க்கவே முடியாது. அந்தப் படமும் எண்ணெயின் பலனைக் கூட்டித்தான் சொன்னது, நோய் முற்றியவர்களை அது மீட்கவில்லை. ஆனால் அறிகுறி தொடங்காத சிறுவர்களுக்கு ஆபத்தைக் குறைக்க உதவியது என்று 2005-இல் ஒரு ஆய்வு வந்தது. லொரென்சோ 30 வயது வரை வாழ்ந்து 2008-இல் இறந்தார். தேடுகிறவர்களோடு சேர்ந்து நம்மையும் தேட வைத்ததால்தான் அந்தப் படம் இன்னும் நெஞ்சில் நிற்கிறது.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி, மருந்து குணப்படுத்தியதா? இல்லை. 2006-இல் மையோசைம் என்ற பெயரில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி கிடைத்தது. வாழ்நாள் முழுக்க இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ட்ரிப். சில குழந்தைகளின் உடம்பில் அந்த என்சைம் துளிகூட இருப்பதில்லை, அவர்களுடைய எதிர்ப்புச் சக்தி மருந்தையே எதிரியாக நினைத்துத் தாக்கும். ஆரம்பத்தில் அந்தக் குழந்தைகளில் பலரை இழந்தார்கள், இப்போது முன்கூட்டியே எதிர்ப்புச் சக்தியை அடக்கிவிட்டு மருந்து தருகிறார்கள்.

தயாரிப்பில் நடந்ததையும் சொல்கிறேன், எங்களைப் போன்றவர்களுக்கு இது ராத்தூக்கம் கெடுக்கும் கதை. சீன ஹாம்ஸ்டர் என்ற எலி மாதிரிப் பிராணியின் சினைப்பைச் செல்களைத் தொட்டியில் வளர்த்து அவை சுரக்கும் என்சைமைப் பிரித்து எடுப்பார்கள். முதலில் 160 லிட்டர் தொட்டி. தேவை கூடியதும் 2000 லிட்டருக்கும் அதற்கு மேலும் போனார்கள். அதே செல், அதே முறை, தொட்டி மட்டும்தான் பெரிது. ஆனால் புரதத்தின் மேல் ஒட்டும் சர்க்கரைகள் கொஞ்சம் மாறிவிட்டன, இது வேறு மருந்து என்று அமெரிக்காவில் மருந்துகளுக்கு அனுமதி தரும் எஃப்.டி.ஏ. சொல்லிவிட்டது. பெரிய தொட்டி மருந்துக்குத் தனிப் பெயர் வைத்து, தனியாக அனுமதி வாங்க வேண்டி வந்தது, அது கிடைத்தது 2010 மே மாதம். இந்தப் படம் வந்தது 2010 ஜனவரி. திரையில் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது, வெளியே அமெரிக்காவில் வயது வந்த நோயாளிகள் இன்னும் மருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

கேன்ஃபீல்டின் அந்தச் சீட்டு யோசனை என்ன ஆனது? செத்துப்போகவில்லை. அந்தச் சர்க்கரைச் சீட்டு அதிகமாக இருக்கும்படி செய்த புது என்சைம் ஒன்று 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 2023-இல் இன்னொன்று வந்தது, அதை உருவாக்கிய அமிகஸ் கம்பெனியை நீண்ட காலம் நடத்தியவர் அதே ஜான் கிரௌலி. அவர் மகள் நோட்ரடாம் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார். இடையில் தைவானில் 2005 முதல் பிறந்த குழந்தைகளைச் சோதித்து முதல் சில வாரங்களிலேயே மருந்து தொடங்கினார்கள், அந்தக் குழந்தைகள் நடந்தார்கள். கனடாவின் ஒட்டாவாவில் இன்னும் ஒரு படி மேலே போய், கருவில் இருக்கும்போதே தொப்புள் கொடி வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்தப் பெற்றோர் இதே நோயில் ஏற்கெனவே இரண்டு மகள்களை இழந்தவர்கள், இந்தக் குழந்தை சாதாரண இதயத்தோடு பிறந்து வளர்வதாக 2022-இல் எழுதினார்கள். மருந்து அதேதான், எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நம் வீடுகளுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. தலை நிற்காத, துணி மாதிரித் துவளும் குழந்தைக்கு எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத் தெரிந்தால், சில குழந்தைகள் அப்படித்தான் என்று காத்திருக்காதீர்கள், இந்த என்சைமைச் சோதிக்க முடியுமா என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். இரத்தச் சோதனைதான். இந்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் இருக்கிறது, குறிப்பிட்ட மையங்கள் வழியாக 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. எடைக்கு ஏற்ற டோஸ் என்பதால் பிள்ளை வளர வளர அந்தத் தொகை கரைந்துவிடும், அதுதான் இப்போது நம் நாட்டுப் பெற்றோர் நீதிமன்றம் வரை போய்ப் போராடிக்கொண்டிருக்கும் விஷயம்.

படத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டாம். கீதா ஆனந்த் என்ற பத்திரிகையாளர் 2006-இல் எழுதிய 'தி கியூர்' என்ற புத்தகத்தில் இருந்துதான் இந்தப் படத்தை எடுத்தார்கள், அதைத் தேடிப் படியுங்கள். கிரௌலியைக் கடவுளாக்காமல், அவர் அவசரத்தில் செய்த தவறுகளையும் சேர்த்து எழுதியிருக்கிறார். அந்த நான்கு என்சைம் சோதனையின் முடிவு வரும் பகுதியை மட்டும் ராத்திரி படுக்கப் போகும் நேரத்தில் தொடங்காதீர்கள், பாதியில் வைக்க முடியாது.